பேராசிரியர் சிற்பி அல்லர்: ஹாவர்ட் ஜின்னும் அட்லாண்டா மாணவிகளும்

நல்லாசிரியர் ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததுமே நம் மொழியில் சில உவமைகள் அழைக்காமலே வந்து நிற்கின்றன. ஆசிரியர் சிற்பி, மாணவர் கல். ஆசிரியர் குயவர், மாணவர் களிமண். ஆசிரியர் உழவர், மாணவர் நிலம். விழா மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால் இவற்றை நாம் பொருட்படுத்துவதில்லை. மரியாதையின் பொருட்டுச் சொல்லப்படும் சொற்கள்தானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இவை அத்தனை தீங்கற்றவை என்று எங்களால் நினைக்க முடியவில்லை. கல்லுக்கும் களிமண்ணுக்கும் சொந்த விருப்பம் கிடையாது. ஓர் ஆசிரியரைப் போற்றும் பொருட்டு அவருடைய மாணவர்கள் அனைவரையும் உயிரற்ற பொருட்களாக்கிவிடும் புகழ்ச்சி இது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஓர் ஆசிரியரை வகுப்பறையிலிருந்து துரத்த விரும்புகிறவர்களும் இதே உவமையைத்தான் கையில் எடுக்கிறார்கள். இளம் மனங்களைச் செதுக்கினார் என்று பாராட்டுகிறவரும், இளம் மனங்களைக் கெடுத்தார் என்று குற்றம் சாட்டுகிறவரும் மாணவர்களைப் பற்றி ஒரே கருத்தைத்தான் கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் ஹாவர்ட் ஜின்னை (1922-2010) முன்வைத்து இதை விவாதிக்க விரும்புகிறோம். அவர் பெயரைச் சொன்னதும் இலக்கிய வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது அமெரிக்க மக்கள் வரலாறு பற்றி அவர் எழுதிய பெருநூல். 1980-ல் வெளியாகி, இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற நூல் அது. கொலம்பஸின் வருகையை அவர் வந்திறங்கிய தீவுகளில் வாழ்ந்த அராவாக் மக்களின் பக்கமிருந்து சொல்லித் தொடங்குகிறது. அந்நூலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அதைப் பள்ளிகளிலிருந்து அகற்றத் துடிப்பவர்களும் உண்டு. இரு தரப்பாரும் நூலைப் பிடித்துக்கொண்டு ஆசிரியரைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது எங்கள் புகார். ஜின் என்ற ஆசிரியரை அறிய வேண்டுமானால் 1980-ஐ விட்டு 1956-க்குப் போக வேண்டும்.

அப்போது அவருக்கு வயது 34. புரூக்ளினில், யூதக் குடியேறிகளின் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப்போரில் விமானப் படையில் குண்டுவீச்சாளராகப் பணியாற்றினார். 1945 ஏப்ரலில், ஐரோப்பாவில் போர் முடியச் சில வாரங்களே இருந்த நேரத்தில், பிரான்ஸின் ருவாயான் நகர்மீது நேபாம் குண்டுகளை வீசிய படையணியில் அவரும் இருந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே நகருக்குச் சென்று, அங்கிருந்த ஆவணங்களைப் படித்து, அந்தத் தாக்குதலுக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை என்று எழுதினார். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு அளித்த கல்வி உதவியால்தான் அவர் பல்கலைக்கழகம் போக முடிந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு, லகார்டியா என்ற அரசியல் தலைவர் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஆண்டுகளைப் பற்றியது. 1959-ல் அது நூலாக வந்தது. ஆக, அவருடைய முதல் நூல் ஓர் அரசியல்வாதியைப் பற்றியது. கீழிருந்து எழுதப்படும் வரலாறு என்று பின்னாளில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பார்வை அப்போது அவரிடம் முழுமையாக உருவாகியிருக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத் தலைநகர் அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்காக 1881-ல் தொடங்கப்பட்டது ஸ்பெல்மன் கல்லூரி. ஜின் அங்கே போனது எந்த லட்சிய வேகத்திலும் அல்ல. குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு வேலை தேவைப்பட்டது, அங்கே ஒரு வேலை இருந்தது. அவரே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மனைவி ரோஸ்லினுடனும் இரண்டு குழந்தைகளுடனும் அங்கே குடியேறினார். பள்ளிகளில் நிறப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அட்லாண்டாவில் உணவகம், பேருந்து, நூலகம் எல்லாம் நிறத்தால் பிரிக்கப்பட்டே கிடந்தன. கல்லூரியோ தன் மாணவிகளைக் கண்ணியமான சீமாட்டிகளாக ஆக்கி அனுப்புவதில் பெருமை கொண்டிருந்தது. தொப்பி, கையுறை, கட்டாய வழிபாடு, விடுதியை விட்டு வெளியே போகவும் திரும்பி வரவும் கையெழுத்து, யார் யாரோடு எப்போது போகலாம் என்பதற்கு விதிகள். இந்தக் கண்டிப்புக்கு ஒரு நியாயமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கறுப்பினப் பெண் என்றாலே இழிவாகப் பார்த்த ஒரு சமூகத்தில், குறை சொல்ல இடமில்லாத ஒழுங்கு ஒரு தற்காப்பு. ஆனால் தற்காப்புக்காக எழுப்பிய மதில் உள்ளே இருப்பவர்களையும் அடைத்து வைக்கும் அல்லவா?

இந்த மதிலுக்குள் ஒரு வரலாற்று ஆசிரியர் என்ன செய்யலாம்? பாடத்தை நடத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் அனைவருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பை உறுதி செய்கிறது என்று கரும்பலகையில் எழுதிப் போடலாம். மாணவிகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தேர்வில் திருப்பி எழுதி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு, பேருந்தின் பின்னிருக்கையில் உட்கார்ந்து ஊருக்குப் போகலாம். நடுநிலையான ஆசிரியர் என்று நாம் புகழ்ந்து பேசுகிறவர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார். தான் எழுதிப் போட்ட வாக்கியத்துக்கும் தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் வாழ்க்கைக்கும் இடையே உள்ள முரண்பாட்டைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதற்குப் பெயர் நடுநிலை என்றால், அந்தச் சொல்லுக்கு நாம் ஏன் இத்தனை மரியாதை தர வேண்டும்?

1957-ன் தொடக்கத்தில் ஜின் தன் மாணவிகள் சிலரை ஜார்ஜியா சட்டமன்றம் நடப்பதைப் பார்க்க அழைத்துச் சென்றார். பார்வையாளர் மாடத்தில் கறுப்பினத்தவருக்கென ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது, மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. அவர்கள் காலியாக இருந்த இடத்தில் போய் அமர்ந்தார்கள். அவைத் தலைவர் நடவடிக்கையை நிறுத்திவிட்டுக் கூச்சலிட்டார். அவர்கள் எழுந்து ஒதுக்கப்பட்ட பகுதிக்கு நகர்ந்தார்கள். அன்று எதுவும் மாறவில்லை, யாரும் வெற்றி பெறவும் இல்லை. ஆனால் சட்டம் இயற்றும் மன்றத்தில், சட்டம் பற்றிய பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை அந்த மாணவிகள் தங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் நம்மைப் போன்ற புத்தகப் பிரியர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியது. ஜின் ஆலோசகராக இருந்த சமூக அறிவியல் மன்றத்தின் மாணவிகள், நகரத்தில் ஏதேனும் ஒன்றையாவது மாற்றிப் பார்க்க வேண்டும் என்று பேசி, பொது நூலகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அட்லாண்டாவின் மைய நூலகம் வெள்ளையர்களுக்கு மட்டுமானது. மாணவிகள் செய்தது எளிய காரியம். நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் கேட்டார்கள். ஜான் லாக்கின் மனித அறிவு பற்றிய நூல், ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரத்தைப் பற்றி எழுதியது, தாமஸ் பெய்னின் புகழ்பெற்ற துண்டுப் பிரசுரம். கறுப்பினத்தவருக்கான கிளைக்கு அனுப்பி வைக்கிறோம், அங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. திரும்பத் திரும்பப் போனார்கள். சுதந்திரத்தைப் பற்றிய நூலை ஒரு கல்லூரி மாணவிக்கு மறுக்கும் நூலகம் எத்தனை நாள்தான் அந்த மறுப்பை வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்க முடியும் என்று சோதிப்பது போல இருந்தது அது. பிறகு வழக்குத் தொடுக்க ஆயத்தமானார்கள். ஸ்பெல்மனின் பிரெஞ்சு மொழிப் பேராசிரியை ஐரீன் டாப்ஸ் ஜாக்ஸன் வாதியாக இருக்கச் சம்மதித்தார். வழக்கு நீதிமன்றம் போகுமுன்பே, 1959 மே மாதத்தில், நூலக வாரியம் பணிந்தது. ஐரீன் ஜாக்ஸன் மைய நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை பெற்றுக்கொண்டார். அவருடைய மகன் மேனார்ட் ஜாக்ஸன் 1973-ல் அந்நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தச் செயலில் சிற்பி யார், கல் யார் என்று கேட்கிறோம். ஆலோசனை ஆசிரியருடையது என்றால் கால்கள் மாணவிகளுடையவை. அவமதிப்பைத் தாங்கியவர்கள் அவர்கள். வழக்கின் சுமையை ஏற்க முன்வந்தவர் இன்னொரு ஆசிரியை. ஜின் இதில் இருந்தார், ஆனால் பலரில் ஒருவராக இருந்தார். ஓர் ஆசிரியரின் பாதிப்பு என்று நாம் சொல்வது நடைமுறையில் இப்படித்தான் இருக்கிறது. மாணவருக்குள் ஏற்கெனவே இருந்த கோபத்துக்கும் அறிவுக்கும் ஒரு மேசை, ஒரு கூட்டம், ஒரு காரியம் கிடைக்கிறது.

1960 பிப்ரவரி முதல் தேதி வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான உணவு மேசையில் அமர்ந்து எழ மறுத்தார்கள். அந்தச் செய்தி அட்லாண்டா வந்து சேர்ந்ததும் ஆறு கறுப்பினக் கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் ஒன்றுகூடினார்கள். மனித உரிமைகளுக்கான ஒரு வேண்டுகோள் அறிக்கை மார்ச் 9 அன்று அட்லாண்டா நாளிதழ்களில் வெளியானது. அதை எழுதியதில் முதன்மையானவர் ஸ்பெல்மன் மாணவி ரோஸ்லின் போப். ஜூலியன் பாண்டுடன் ஜின்னின் வீட்டுக்கு நடந்து போய், அவருடைய தட்டச்சுப் பொறியை வாங்கி அவர்கள் அதைத் தயாரித்தார்கள். அறிக்கையைப் படித்த மாநில ஆளுநர் எர்னஸ்ட் வேண்டிவரின் எதிர்வினை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. இது ஜார்ஜியாவின் எந்தக் கல்லூரியிலும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை, இந்த நாட்டிலேயே எழுதப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை என்ற பொருளில் அவர் பேசினார்.

ஆளுநரின் இந்தச் சந்தேகத்தைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு தெளிவான உரைநடையை ஒரு கறுப்பினக் கல்லூரி மாணவி எழுதியிருக்க முடியாது. எனவே வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். களிமண் உவமையின் அரசியல் வடிவம் இதுதான். ஜின்னின் அபிமானிகளில் சிலர், நல்லெண்ணத்தோடுதான், இதற்கு மிக அருகில் வந்துவிடுகிறார்கள். ஜின் என்ற வெள்ளைக்காரப் பேராசிரியர் வந்தார், அடங்கிக் கிடந்த பெண்களைத் தட்டி எழுப்பினார் என்று கதை சொல்கிறார்கள். ஜின் தந்தது தட்டச்சுப் பொறி. அறிக்கையைத் தந்தவர் ரோஸ்லின் போப். இந்த வேறுபாட்டை அழிக்கிற எந்த நினைவஞ்சலியும் ஆளுநர் வேண்டிவரின் பக்கத்தில்தான் போய் நிற்கிறது.

மார்ச் 15 அன்று அட்லாண்டாவின் பத்து இடங்களில் மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். கைதானவர்கள் 77 பேர். அவர்களில் 14 பேர் ஸ்பெல்மன் மாணவிகள். மேரியன் ரைட் என்ற மாணவி சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் சி. எஸ். லூயிஸின் நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்ததை ஒரு புகைப்படம் பதிவு செய்திருக்கிறது. மறியலுக்கு ஆள் சேர்க்க அவர் விடுதியில் ஒட்டிய அறிவிப்பும் பிரசித்தம். கல்லூரி கற்றுக் கொடுத்த அத்தனை பணிவோடும் நாகரிகத்தோடும், மறியல் செய்ய இயலும் இளம் சீமாட்டிகளைக் கீழே கையொப்பமிடும்படி அது கேட்டுக்கொண்டது. அந்தக் கல்லூரியின் கல்வி முழுவதும் அந்த ஒரு துண்டுத் தாளில் இருந்தது. கல்லூரி எதிர்பார்த்த நோக்கத்துக்கு மட்டும் அது பயன்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜின் 'தி நேஷன்' இதழில் தன் மாணவிகளைப் பற்றி எழுதிய கட்டுரை, அவர்களிடம் தான் கண்ட மாற்றத்தை வியந்து சொல்கிறது. அதில் அவர் தன்னை நாயகனாக்கிக்கொள்ளவில்லை.

சிலர் இங்கே குறுக்கிட்டுக் கேட்கக்கூடும். மாணவர்கள் ஆசிரியரின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள். மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் தன் அரசியல் கருத்தை வகுப்பில் பேசலாமா? மாற்றுக் கருத்துள்ள மாணவர் வாயடைத்துப் போகமாட்டாரா? இது நேர்மையான கேள்வி. ஆசிரியரின் ஆளுமைக்கு மயங்கிப் பின்னால் போய் அழிந்த மாணவர்களை எல்லா நாட்டு அரசியலும் கண்டிருக்கிறது. எனவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் போராட்டப் பேராசிரியர்களையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்கிறோம். ஆசிரியர் தன் சார்பை மறைத்தாரா, அறிவித்தாரா? முடிவெடுத்தவர் யார்? ஆபத்தில் ஆசிரியருக்குப் பங்கு இருந்ததா?

முதல் கேள்விக்கு விடை தெளிவானது. தான் சொல்லப்போவது தன் பார்வை, மற்றப் பார்வைகளும் உண்டு என்று பாடத்தின் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுவது ஜின்னின் வழக்கம். 1994-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளுக்கு, ஓடும் ரயிலில் நடுநிலையாக இருக்க முடியாது என்று பொருள்படும் தலைப்பையே அவர் வைத்தார். சார்பை அறிவிக்கும் ஆசிரியரை மாணவர் மறுக்க முடியும். சார்பே இல்லாதது போல் நடிக்கும் ஆசிரியரை, சார்பே இல்லாதது போல் நடிக்கும் பாடநூலை, மறுப்பதற்குப் பிடி கிடைக்காது. இரண்டாவது கேள்விக்கான விடையை மேலே பார்த்தோம்.

மூன்றாவது கேள்விக்கு 1963 விடை சொல்கிறது. நகரத்தின் பிரிவினையை எதிர்க்கக் கற்றுக்கொண்ட மாணவிகள் அடுத்துக் கல்லூரியின் பக்கம் திரும்பினார்கள். உணவகத்தில் உரிமை கேட்டுச் சிறை போய் வந்தவர், விடுதிக்கு இரவில் திரும்பும் நேரத்தை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்பார் என்று எதிர்பார்ப்பது விசித்திரம். ஸ்பெல்மனில் சுதந்திரம் என்ற பொருளில் சமூக அறிவியல் மன்றம் ஒரு கூட்டம் நடத்தியது. மாணவிகள் மனம் திறந்து பேசினார்கள். ஜின் அவர்கள் பக்கம் நின்றார். 1963 ஜூனில், கோடை விடுமுறைக்கு அவர் குடும்பத்தோடு புறப்படவிருந்த வேளையில், கல்லூரித் தலைவர் ஆல்பர்ட் மேன்லியிடமிருந்து பணிநீக்கக் கடிதமும் ஓராண்டுச் சம்பளத்துக்கான காசோலையும் வந்தன. நிரந்தரப் பணியில் இருந்த, துறைத் தலைவராக இருந்த ஒரு பேராசிரியர் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார். கீழ்ப்படியாமை என்பது குற்றச்சாட்டு.

மேன்லியை வில்லனாக்கிக் கதையை முடித்துவிடுவது சுலபம். அக்கல்லூரியின் முதல் கறுப்பினத் தலைவர் அவர். பகை சூழ்ந்த நகரத்தில் ஒரு நிறுவனத்தைச் சிதையாமல் நடத்திச் செல்லும் பொறுப்பு அவருக்கு இருந்தது. அதே சமயம் ஜின்னின் துணிச்சலுக்கு அவருடைய வெள்ளைத் தோல் ஓரளவு காப்பாகவும் இருந்தது. வேலை போனபின் 1964-ல் அவருக்குப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கைதான மாணவிகளுக்கு அந்த வசதிகள் இல்லை. இவற்றைச் சொல்வதால் ஜின் சிறுத்துப்போவதில்லை. அவருடைய மாணவிகளின் உயரம் சரியாகத் தெரிகிறது.

அந்த மாணவிகள் பின்னர் என்ன ஆனார்கள்? மேரியன் ரைட் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். மிசிசிப்பி மாநிலத்தில் வழக்கறிஞராகப் பதிவு பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். மணத்துக்குப் பின் மேரியன் ரைட் எடல்மன் என்று அறியப்பட்ட அவர், 1967-ல் ராபர்ட் கென்னடியை மிசிசிப்பியின் பட்டினி கிடந்த குடிசைகளுக்கு வரச் செய்தவர்களில் ஒருவர். 1973-ல் குழந்தைகளின் உரிமைகளுக்கான அமைப்பை நிறுவினார். 1961-ல் ஸ்பெல்மனில் சேர்ந்த ஆலிஸ் வாக்கர், ஜின்னிடம் ரஷ்ய வரலாறு படித்தார். ஜின் நீக்கப்பட்டபின் அவரும் அக்கல்லூரியை விட்டு விலகினார். ஜின்னின் சக ஆசிரியர் ஸ்டாட்டன் லிண்டின் உதவியோடு சாரா லாரன்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1982-ல் அவர் எழுதிய 'தி கலர் பர்ப்பிள்' நாவல் அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. ஒருவர் சட்டத்தின் வழியே போனார், மற்றவர் புனைவின் வழியே போனார். வரலாற்றுத் துறையில் ஜின்னின் பள்ளி என்று ஒன்றை அவர்கள் நிறுவவில்லை, அவருடைய கருத்துகளைப் பரப்புவதைத் தொழிலாகக் கொள்ளவும் இல்லை. ஒரே அச்சில் வார்த்த சிலைகள் இப்படி ஆளுக்கொரு திசையில் நடந்து போவதில்லை.

1999-ல் எடல்மன் தன் வழிகாட்டிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜின்னைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். நூலின் தலைப்பு லாந்தர் விளக்குகளைக் குறிப்பது. மாணவி தேர்ந்தெடுத்த உவமை அது. விளக்கு வழி காட்டும், நடக்க வேண்டியவர் நாம்தான் என்பது அதில் அடங்கியிருக்கிறது. நம் மேடைப் பேச்சாளர்களைவிட அவருக்கு உவமை பிடிபட்டிருக்கிறது.

மறுதிசையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். லகார்டியாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், 1964-ல் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவைப் பற்றி நூல் எழுதினார். எல்லா பேக்கருடன் சேர்ந்து அக்குழுவின் மூத்த ஆலோசகராகவும் இருந்தார். அந்நூலில் பேசுகிறவர்கள் கிராமம் கிராமமாகப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் பாடுபட்டு அடி வாங்கிய இருபது வயது இளைஞர்கள். அதிகாரத்தில் இருப்பவர்களை விட்டு, அதிகாரத்தை எதிர்கொண்டவர்களின் வாயிலிருந்து வரலாற்றைக் கேட்கும் முறையை அவர் அட்லாண்டாவில்தான் கற்றார். 1980-ன் பெருநூலுக்கு விதை அங்கே இருக்கிறது. தான் கற்பித்ததைவிட அம்மாணவிகளிடம் தான் கற்றது அதிகம் என்று ஜின் சொன்னதை அவையடக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். அவருடைய நூல்களை வெளியான வரிசையில் வைத்துப் பார்த்தாலே அது உண்மை என்று தெரியும்.

இப்போது அந்தப் பெருநூலுக்கு வருவோம். அதன்மீது காத்திரமான விமர்சனங்கள் உண்டு. அவற்றைச் சொன்னவர்கள் எல்லோரும் வலதுசாரிகள் அல்லர். இடதுசாரி வரலாற்றாசிரியர் மைக்கேல் கேஸின் 2004-ல் எழுதியபோது, அந்நூல் அமெரிக்க வரலாற்றை நல்லவர் கெட்டவர் கதையாகச் சுருக்கிவிடுகிறது என்று கடுமையாகக் குறை கூறினார். வரலாற்றைக் கற்பிக்கும் முறையை ஆராயும் சாம் வைன்பர்க், இரண்டாம் உலகப்போர் பற்றிய பகுதியை எடுத்துக்கொண்டு, சில தனிச் சான்றுகளைக் கொண்டு ஜின் பெரிய முடிவுகளுக்குத் தாவுவதைச் சுட்டினார். தனக்கு ஒவ்வாத சான்றுகளை அவர் கடந்துபோவதையும் காட்டினார். இந்த விமர்சனங்களில் உண்மை இருக்கிறது என்றே நாங்கள் கருதுகிறோம். ஜின்னின் நூலை இன்னொரு வேதமாக்கி, அதை ஒப்பிக்கும் வகுப்பறையை உருவாக்கினால், அது சட்டமன்ற மாடத்தில் அமர்ந்த ஆசிரியருக்குச் செய்யும் துரோகம். ஆசிரியரை நேசிப்பவர் அவருடைய நூலின் பிழைகளையும் படிக்க வேண்டும்.

ஆனால் பிழைகளைச் சுட்டுவது ஒன்று, நூலையே பறிப்பது வேறொன்று. ஜின் 2010 ஜனவரி 27 அன்று காலமானார். அடுத்த சில நாட்களிலேயே இந்தியானா மாநில ஆளுநர் மிட்ச் டேனியல்ஸ், அந்நூல் தன் மாநிலத்தில் எங்கேனும் பயன்படுத்தப்படுகிறதா என்று விசாரித்து, அதை அகற்ற வழி கேட்டுத் தன் அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 2013-ல் அவை வெளியானபோது அவர் பர்டியூ பல்கலைக்கழகத்தின் தலைவராக அமர்ந்திருந்தார். அப்பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் தொண்ணூறு பேருக்கு மேல் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். 2017-ல் ஆர்கன்சா சட்டமன்றத்தில், ஜின் எழுதியவற்றை அரசுப் பள்ளிகளில் பயன்படுத்தத் தடை கோரும் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. அது நிறைவேறவில்லை. 2020 செப்டம்பரில் அதிபர் டிரம்ப், மாணவர்களுக்குப் பிரசாரம் ஊட்டப்படுவதற்கு உதாரணமாக ஜின்னின் பெயரைச் சொல்லிச் சாடினார்.

இவர்களின் வாதம் ஒன்றுதான்: மாணவர்கள் இந்நூலைப் படித்தால் கெட்டுவிடுவார்கள். மாணவர் ஒரு நூலைப் படிப்பார், இன்னொன்றோடு ஒப்பிடுவார், ஆசிரியரோடு சண்டை போடுவார், பாதியை ஏற்று மீதியை மறுப்பார் என்ற சாத்தியம் அவர்களுடைய கற்பனைக்கே எட்டுவதில்லை. 1959-க்கு முன் அட்லாண்டா மைய நூலகம் மில்லின் நூலை ஒரு கறுப்பின மாணவியின் கைக்கு எட்டாமல் வைத்திருந்தது. 2017-ல் ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஜின்னின் நூலை எல்லா மாணவர்களின் கைக்கும் எட்டாமல் வைக்க விரும்பினார். காரணங்கள் வேறு. ஆனால் யார் எதைப் படிக்கலாம் என்பதைப் படிப்பவர் தீர்மானிக்கக் கூடாது என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது.

ஜின் 1988-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார். தன் கடைசி வகுப்பை முன்கூட்டியே முடித்துக்கொண்டு, வளாகத்தில் செவிலியர்கள் நடத்திய மறியலில் கலந்துகொள்ளப் போனார். மாணவர்களையும் அழைத்தார். பலர் உடன் போனார்கள், மேலும் பலர் போகவில்லை. போகாதவர்களைப் பற்றி அஞ்சலிக் கட்டுரைகள் பேசுவதில்லை. எங்களுக்கு அவர்களும் முக்கியமானவர்கள். அழைப்பை மறுக்க முடிந்த வகுப்பறை அது என்பதற்கு அவர்கள் சாட்சி.

2005 மே மாதம் ஸ்பெல்மன் கல்லூரி அவரைப் பட்டமளிப்பு விழா உரைக்கு அழைத்து, கௌரவ முனைவர் பட்டமும் அளித்தது. கீழ்ப்படியாமைக்காக வெளியேற்றிய அதே கல்லூரி, நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து. நிறுவனங்கள் இப்படித்தான் தங்கள் தவறுகளைச் சரிசெய்கின்றன, மெதுவாக, மாலையோடு. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாலை அவர் ஒருவர் கழுத்தில் மட்டும் விழுந்ததாக நாம் நினைவுகூர்ந்தால் அந்த ஏழு ஆண்டுகளில் நடந்தது நமக்குப் புரியவில்லை என்று பொருள்.

நம் பேராசிரியர்களைப் பற்றி நாம் எழுதும்போதும் இதை நினைவில் கொள்ளலாம். அவர் எத்தனை நூல்கள் எழுதினார், எத்தனை பட்டங்கள் பெற்றார், வகுப்பில் எப்படிக் கணீரென்று பேசினார் என்பதோடு நிறுத்திவிடாமல், அவருடைய மாணவர்கள் எதைச் செய்தார்கள், எங்கே அவரோடு முரண்பட்டார்கள், அவர்களிடமிருந்து அவர் எதைக் கற்றார் என்று எழுத வேண்டும். இக்கேள்விகளுக்கு விடை இல்லாத பேராசிரியர் எவ்வளவு பெரிய அறிஞராகவும் இருக்கலாம், நாம் வணங்கவும் செய்யலாம். நல்லாசிரியர் என்ற சொல்லை மட்டும், விடை இருப்பவர்களுக்காக ஒதுக்கி வைப்போம்.